இடது பட்டை

கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். சனிக்கிழமை காலையென்றால் டாலி கேட்டு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். 'இன்று விடுமுறை' என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். காரணம் எழுதவில்லை.

டாலி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு மாறுகிறவர்கள் வாடகை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் இரண்டு சக்கரச் சட்டம். காரின் முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி உட்காரும். பின்சக்கரங்கள் சாலையில் உருண்டு வரும். ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் ஓர் அகலப் பட்டையைப் போட்டு, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்க வேண்டும். பட்டை கைவிட்டாலும் கார் கழன்று ஓடாமல் இருக்க, அடியில் ஒரு சங்கிலி. ஒழுங்காகக் கட்டினால் மலையேறி இறங்கி ஐடஹோ வரைக்கும் கூட ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச தூரம் ஓடியதும் டயர் அழுந்தி உட்கார்ந்துவிடும், பட்டை தளர்ந்துபோகும். அதனால் சில மைலுக்குள்ளேயே ஒரு முறை நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் எங்கள் கடையிலிருந்து ஒரு டாலியும் வெளியே போனதில்லை. எங்கள் ஊரில் இதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. ஊரைவிட்டுப் போகிறவர்களை வீட்டு வாசலில் யாரும் வழியனுப்புவதில்லை. ஊரைத் தாண்டியதும் வரும் தானியக் கிடங்கின் முன்னால் லாரி எப்படியும் நிற்கும் என்று தெரியும். எல்லோரும் அங்கே போய்விடுவோம். ஒருவர் பட்டையை இறுக்குவார். மற்றவர்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

என் தம்பி லைலையும் அவன் மனைவி ஷெல்பியையும் அங்கேதான் வழியனுப்பினோம். அன்று அந்தச் சாலையில் மில்ட் குசேரா இறந்துபோனார். அதற்குக் காரணம் தன் கவனக்குறைவுதான் என்று லைல் வருகிற திங்கட்கிழமை நீதிமன்றத்தில் சொல்லப்போகிறான். அவன் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் போனபோது லைலுக்குத் தன் காலணிக் கயிற்றைக்கூடக் கட்டத் தெரியாது. நான்தான் வளர்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாதே என்று யாரும் என்னிடம் சொல்லவுமில்லை. எங்கள் ஊர்த் தபால்காரரான மில்ட் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு முறை கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அவர் காபியைக் குடித்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவார்.

ஷெல்பி நல்ல பெண். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் லைல் என் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, நீயும் வந்துடேன். அங்க மட்டும் கார் ரிப்பேர் ஆகாதா, யாரும் வீடு மாறமாட்டாங்களா? கடைய அங்க போட்டுக்கலாம்."

"உங்களுக்கும் ஒரு ரூம் இருக்கணும்னு பார்த்துத்தான் வீடே புடிச்சிருக்கோம் அக்கா," என்றாள் ஷெல்பி. "சன்னலத் தொறந்தா மலை தெரியும்."

மலையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றேன். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் கிளம்பிய காலையில் பாதி ஊர் கிடங்கின் முன்னால் நின்றது. நான் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு ஒரு பெட்டி நிறைய எடுத்துப் போயிருந்தேன். மில்ட் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடினார்.

"அழாத வெர்னா. தம்பி போனா என்ன, நான் இருக்கேன். லெட்டர் இல்லாட்டியும் தினமும் வர்றேன்."

"நீங்க வந்தா என் காபித்தூள்தான் தீருது."

"பாருங்கய்யா, இத்தன வருஷமா இந்தம்மாவுக்கு என்மேல இருக்கிற பாசத்த."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது லைல் பட்டையைப் பார்க்கக் குனிந்தான். நான் அவன் தோளைத் தொட்டேன்.

"விடுடா. ஊருக்கெல்லாம் நீ இறுக்கிவிட்ட. இன்னிக்கு உனக்கு நான் இறுக்கறேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா."

"அக்கா இறுக்கினா டயருக்கே மூச்சு முட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வலது பட்டையை நன்றாக இறுக்கினேன். பிறகு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. கிடங்கைத் தாண்டினால் ரயில் பாதை. எந்த லாரியும் அங்கே நடக்கிற வேகத்தில்தான் போகும். அந்தக் குலுக்கலில் சக்கரம் நழுவும். சங்கிலி காரைப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் நசுங்கும். காரில் யாரும் இல்லை. இருவரும் லாரியில் இருப்பார்கள். பழுது பார்க்க நாளாகும், அதற்குள் பள்ளி திறந்துவிடும், ஷெல்பியின் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். லைல் எங்கேயும் போக மாட்டான். ஒரு காரின் முன்பக்கம், அவ்வளவுதான் நான் எடுத்துக்கொள்ள நினைத்தது. கைப்பிடியின் பூட்டைத் திறந்து, பட்டையை இழுவையில்லாமல் டயர்மேல் ஒழுங்காகப் படுக்க வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு இறுக்கமாகத்தான் தெரியும். எழுந்து, லைலிடம் கொலாச்சிப் பெட்டியைக் கொடுத்து, சரியாக இருக்கிறது என்றேன்.

லாரி ரயில் பாதையைக் கடந்ததை நின்று பார்த்தேன். கார் இரண்டு முறை துள்ளியது. சக்கரம் நழுவவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஏமாற்றமாக இருந்தது.

இனி நெடுஞ்சாலை, வேகம் கூடும் என்று எனக்குத் தெரியும். கைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. 'நிறுத்துடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஏன்' என்று கேட்பானே என்று சொல்லவில்லை. மில்ட் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சாலைச் சந்திப்பு வரைக்கும் அவர்களோடு போய்விட்டு வருகிறேன் என்று கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

மீதி உங்கள் போலீஸ் அறிக்கையிலேயே இருக்கிறது. கடைசியாக ஒரு முறை லைலைப் பார்த்துக் கையாட்டுவதற்காக மில்ட் ஓட்டுநர் பக்கமான இடது தடத்தில் ஏறி லாரியை நெருங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் இடது சக்கரம் நழுவியிருக்கிறது. சங்கிலி மட்டும் இல்லாதிருந்தால் கார் பின்னால் தங்கிப்போயிருக்கும். நான் நம்பியபடியே சங்கிலி பிடித்துக்கொண்டது. அதனால்தான் கார் குறுக்கே வீசி அவர்மேல் போனது.

சைரன் கேட்டபோது நான் வீட்டில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் கூசுவது இதுதான். சைரன் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாவது தட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

லைல் வந்தான். சட்டையெல்லாம் மில்ட்டின் ரத்தம். சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தான்.

"அக்கா, நீ அழுதுகிட்டே இறுக்கின. கண்ணு தெரிஞ்சிருக்காது. வண்டிய ஓட்டினவன் நான், பாக்க வேண்டியவனும் நான். நான்தான் இறுக்கினேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத, சரியா?"

சரி என்றேன்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் பொய் சொன்னான். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். மில்ட்டின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் அவனும் ஒருவன். நான் பின்னால் பூ எடுத்துக்கொண்டு நடந்தேன். ஷெல்பி தனியாகப் பாய்சிக்குப் போனாள். அவள் கூப்பிட்டால் இவன் எடுப்பதில்லை. ஒரு மனிதனைக் கொன்றவன் யாரோடும் வாழத் தகுதியில்லாதவன் என்றான். அப்படியெல்லாம் இல்லையடா என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காலையில் முட்டை பொரித்துக் கொடுப்பேன். சாயங்காலம் இருவரும் தொலைக்காட்சி பார்ப்போம். தூக்கத்தில் அவன் மில்ட்டின் பெயரைச் சொல்வான். நான் எழுந்துபோய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வருவேன். குளிர்காலம் முழுக்க இப்படி. எனக்கு அந்தக் குளிர்காலம் பிடித்திருந்தது. மன்னிக்கவும், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

போன வாரம் ஷெல்பி வந்தாள். முன்னறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பேசினாள்.

"ஜெயிலோ அபராதமோ, எதுவா இருந்தாலும் நான் காத்திருக்கேன். முடிஞ்ச மறுநாள் நீ என்கூட வர்ற. வரலேன்னா இந்த வாசல்லயே கூடாரம் போட்டுடுவேன். பனியில வெறச்சுப் போவேன், அந்தப் பாவமும் உனக்குத்தான்."

லைல் சிரித்தான். சாவு நடந்த நாளிலிருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வருகிறேன் என்றான்.

அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தப்பும் செய்யாதவன் எனக்காகத் தலைகுனிந்து நிற்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன். வேறு எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்: இடது பட்டையைத் திறந்து வைத்தது நான். தெரிந்தே செய்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது.

வழக்கு முடிகிறவரை என்னை இந்த ஊர்ச் சிறையிலேயே வைத்திருப்பீர்கள் என்று சொன்னீர்கள். அதுவே போதும். வக்கீலும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். லைலை எனக்குத் தெரியும். அக்கா உள்ளே இருக்கும்போது ஐடஹோவுக்குப் போய் மலை பார்த்துக்கொண்டு உட்காருகிறவன் இல்லை அவன். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும் நாள் எது என்று நான் கேட்டதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனை வர வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் கேட்டேன்.