பந்தல் டிவியின் பிளாட்டினம் பேக்கேஜ்

அந்தக் கேமராவை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வைங்க தம்பி, தூணு மறைக்குது. தாலி கட்டுற நேரத்துல மட்டும் லைன் அந்துடக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். வெளிநாட்டுல, பெர்த்துல என் மகன் கமலநாதன், மெல்பர்ன்ல என் மக மாதவி, ரெண்டு பேரும் டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்தை அவங்க பார்த்தே ஆகணும். மத்த நேரத்துல படம் நின்னு வட்டம் சுத்தினாலும் பரவாயில்ல.

என்னது, பந்தல் டிவி லைன் அறாதா? யாருகிட்ட சொல்றீங்க? உங்க பாஸ் ஜீவனை செந்தூல் ஃபிளாட்டுல அரைக்கால் சட்டையோட பார்த்தவன்லா நான். கோவிட் சமயத்துல கல்யாணத்துக்குக் கூட்டம் கூடக்கூடாதுன்னுட்டாங்க. ஊரே அழுதுச்சு, அவன் மட்டும் சிரிச்சான். ஒரு ஹேன்போனைத் துடைப்பக்கட்டையில கட்டிக்கிட்டு, சுங்கை வேயில ஒரு கல்யாணத்தை லைவ்வா காட்டக் கிளம்பினான். அதுதான் கம்பெனியோட முதல் கல்யாணம். அந்தத் துடைப்பத்தை இப்ப பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபிஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு லைட்டு போட்டிருக்கானாமே? விபூதி பூசலையா?

அன்னிக்கு என்னாச்சு தெரியுமா? ஐயரு தாலியை எடுத்து நீட்டுறாரு, படம் நின்னுபோச்சு. சிட்னியில பொண்ணோட அத்தை கை நிறைய அட்சதையோட டிவி முன்னாடி நிக்கிறாங்க. படம் திரும்பி வந்தப்போ மாப்பிள்ளை இலையில உட்கார்ந்து ரசம் குடிச்சிக்கிட்டிருக்காரு. அதுக்காக விட முடியுமா, போட்டாங்க அட்சதையை. அரிசியெல்லாம் டிவிக்குள்ள போயி, மழைக்காலத்துல முளைச்சிருச்சு. நம்பலைன்னா சிட்னிக்குப் போயிப் பாருங்க.

அதுலேர்ந்து புது சாஸ்திரம். கெட்டிமேளத்துக்கு ஐயரு கை காட்டுறதில்ல, உங்க ஆளு கட்டைவிரலைத் தூக்கணும். நாதஸ்வரக்காரரு அவன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. நல்ல நேரம் போனா போவுது, சிக்னல் வரணும்ல.

ஆனா கம்பெனி வளர்ந்தது தாலியால இல்ல தம்பி, பாயசத்தால. இதே கிள்ளான்ல ஒரு கல்யாணம். உங்க ஆளு கேமராவை மூட மறந்துட்டுச் சாப்பிடப் போயிட்டான். பந்தியில பாயசம் பத்தலைன்னு சம்பந்திங்க ரெண்டு பேரும் கட்டிப் புரண்டாங்க. தாலியைப் பார்த்தது சொந்தக்காரங்க, சண்டையைப் பார்த்தது நாடே. மறுநாளே ஜீவன் மாசச் சந்தா போட்டுட்டான். கல்யாணம் பார்க்கிறது இலவசம், பந்தி பார்க்கிறதுக்குக் காசு. போர்ட் கிள்ளான்லேர்ந்து லோரி லோரியா கேமரா வந்து இறங்குச்சு. இப்பல்லாம் பாயசத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லி சமையல்காரன்கிட்ட நீங்களே சொல்லிடுறீங்களாமே? சரி சரி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

பிளாட்டினம் பேக்கேஜுல ட்ரோன் வேற. போன மாசம் ஒரு கல்யாணத்துல அது என் கூட்டாளி தம்புசாமி தலைக்கு மேல பறந்து, அவன் டோப்பா விக்கைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. கோயில் கோபுரத்து மேல கிடக்கு, அதுல புறா முட்டை போட்டிருக்கு.

சிரிங்க, சிரிங்க. நானும் அதே பிளாட்டினம்தான் எடுத்திருக்கேன். பிள்ளைங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கிற என்னை மாதிரி ஆளுங்க இல்லேன்னா உங்க கம்பெனி ஏது?

கமலநாதனுக்குப் போன் பண்ணேன். நம்ம குடும்பத்துல ஒரு கல்யாணம்பா, ஒரு நடை வந்துட்டுப் போன்னேன். லிங்க் அனுப்புங்கப்பான்னான். மாதவியும் அதேதான், புது டிவி ரொம்பப் பெருசுப்பா, நேர்ல பார்க்கிற மாதிரியே இருக்கும்னா. யாருக்குக் கல்யாணம்னு ரெண்டு பேரும் கேக்கல. கேக்காதவங்ககிட்ட நானும் சொல்லல.

என்ன தம்பி? ஸ்கிரீன்ல போடுறதுக்குப் பேரா? பொண்ணு புஷ்பவல்லி. அதோ, பச்சைப் பட்டுல பூவைச் சரி பண்ணிக்கிட்டிருக்காங்களே, அவங்கதான். ரிட்டயர்ட் நர்ஸ். அக்கான்னு கூப்பிடுங்க, ஆன்டின்னா ஊசி போட்டுடுவாங்க. மாப்பிள்ளை பழனியப்பன். எங்கேயா? உங்க முன்னாடிதான் வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறேன். ரிஜிஸ்டர் எல்லாம் முடிஞ்சிருச்சு, வாயை மூடுங்க, ஈ பூந்துடும்.

கமெண்டை மட்டும் அடைச்சுடாதீங்க. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அவங்க அம்மா சாவையும் உங்க லிங்க்லதான் பார்த்தாங்க. மக கமெண்டுல கைகூப்புற பொம்மை ஒண்ணு போட்டா, மகன் ரெண்டு போட்டான். இன்னிக்கு என்ன பொம்மை போடுறாங்கன்னு மணையில உட்கார்ந்தே நான் பார்க்கணும்.