கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

இந்த மாலையின் மகுடமாக, மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவி சவுரியம்மாள் அம்மையார் அவர்களே! தோலைப் பதமாக்கித் தங்கள் தோள்களைத் தேயவிட்ட பெரியவர்களே! ஒற்றை நாள் ஓய்வையும் எங்களுக்காக ஒதுக்கி, ஈரத் தலையை முடிந்துகொண்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஆலங்காயத்து அடிவாரத்திலிருந்தும் பேருந்தேறி வந்த என் உடன்பிறப்புகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஜெயபுஷ்பத்தின் அன்பு வணக்கம்.

எனக்கு இன்று நெஞ்சு படபடக்கிறது. அச்சத்தால் அல்ல, ஆவலால்! நாளை திங்கட்கிழமை உங்களில் பலரை அலுவலக அறைக்கு அழைப்பார்கள் என்று கேள்விப்பட்டோம். அதற்கு முன்பாக மேகலாவின் கதையை உங்களிடம் சொல்லியே தீர வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டம்.

யார் மேகலா? மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். "நீ பேசு புஷ்பம், எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டார். ஆலங்காயத்துப் பக்கத்துப் பெண். ஒன்பது ஆண்டுகள் காலணியின் மேற்பகுதியைத் தைத்தவர். அவருக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் நான்.

சென்ற தை மாதம். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. குறைந்தது நின்றது. நின்றதும் எங்கள் தையல் வரிசையை மூடப்போகிறோம் என்றார்கள். மூடுகிறவர்கள் என்ன எழுதித் தர வேண்டும்? "நாங்கள் நிறுத்துகிறோம்" என்றுதானே? ஆனால் எங்கள் முன்னால் நீட்டிய தாளில் இருந்தது என்ன? "சொந்தக் காரணத்தால் நானே வேலையை விடுகிறேன்." விடுவது யார்? விரட்டுவது யார்? விரட்டுகிறவன் விலகி நிற்க, விரட்டப்பட்டவள் விடைபெற்றதாக எழுதுவதா?

அந்த அறையில் இருந்த அதிகாரி சூரியபிரகாஷ் கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், இனிக்க இனிக்கப் பேசினார்.

"இதுல சைன் பண்ணும்மா மேகலா. ஒரு மாச சம்பளம் பன்னெண்டாயிரம், இன்னிக்கே செக்கு. இல்லன்னா எப்போ வரும், இன்னா வரும்னு நான் சொல்ல முடியாது."

மேகலா கணவருக்குப் போன் செய்தார். இன்பராஜ் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். "வாங்கிட்டு வந்துடு. வாடகை நிக்குது" என்றார். அவர் சொன்னதில் என்ன தவறு? மகள் அக்சாவின் காய்ச்சல் முற்றி, மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் மருத்துவமனையே கதியென்று கிடந்த குடும்பம் அது. கடன் வாசலில் நிற்கும்போது காசோலை கையருகே வந்தால் யாருக்குத்தான் கை நீளாது?

ஆனாலும் மேகலா பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்தார்.

(ரயில் போகட்டும். அதற்குக் குரல் பெரிது, எனக்குச் சேதி பெரிது. ஆம், போய்விட்டது.)

கேன்டீனில் உட்கார்ந்து இருவரும் யோசித்தோம். மேல்விஷாரத்து ரஃபி அகமது அண்ணன் முன்பு எங்களோடு தோல் வெட்டியவர். வேறு கம்பெனிக்குப் போனார். அதுவும் மூடி, அவருக்கு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வேலையிழந்தவர்களுக்கான ஏதோ உதவித்தொகை வந்ததாகக் கேள்வி. உடனே அழைத்தோம்.

"சைன் போட்டுடாதம்மா, அப்புறம் பேஜாராயிடும்" என்றார் எடுத்த எடுப்பில். "நீயா விட்டேன்னு எழுதிக் குடுத்தா அந்தக் காசு கிடைக்காது. அவங்க நிறுத்தினதா இருக்கணும்."

"எவ்ளோ பாய் வரும்?"

"தினக்கூலில பாதி. தொண்ணூறு நாள் வரைக்கும்."

நான் முந்திக்கொண்டேன். "பன்னெண்டாயிரத்துல பாதி ஆறாயிரம். மூணு மாசத்துக்குப் பதினெட்டாயிரம்!"

"அவ்ளோ ஜாஸ்தி வராது தங்கச்சி. கடைசி மாசச் சம்பளத்த வெச்சுப் போடமாட்டாங்க. ரெண்டு வருஷம் வாங்குனத மொத்தமாக் கூட்டி, எழுநூத்து முப்பது நாளால வகுப்பாங்க. லீவு போட்டிருந்தா கம்மியாயிடும்."

அக்சாவுக்காக எடுத்த அந்த மூன்று மாதம்! இருபத்தொரு மாதச் சம்பளத்தைக் கூட்டினோம். இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். போனிலேயே வகுத்தோம். நாளுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து. அதில் பாதி நூற்று எழுபத்திரண்டு சொச்சம். தொண்ணூறு நாளுக்குப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு.

அவ்வளவுதானா என்று என் முகம் வாடியது. மேகலா வாடவில்லை. "அவங்க நிறுத்தினா வேற இன்னா வரும் பாய்?" என்றார். வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு என்றார் ரஃபி அண்ணன். ஒன்பது ஆண்டு! ஐம்பத்து நான்காயிரம்! ஒரு கையில் பன்னிரண்டாயிரம். மறு கையில் ஏறக்குறைய எழுபதாயிரம். நடுவே ஒரே ஒரு கையெழுத்து!

மேகலா திரும்பப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், நான் போட மாட்டேன். நீங்கதான் என்ன நிறுத்துறீங்க. அப்படியே எழுதிக் குடுங்க."

"யார்மா சொல்லிக் குடுத்தது?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம் சார். கணக்கும் போட்டுட்டோம்."

அவர் காசோலையை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். மேகலா வெறுங்கையோடு வீடு போனார். கை தட்டாதீர்கள் தோழர்களே, கதை இன்னும் முடியவில்லை. அன்று இன்பராஜ் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "ஊரே வாங்கிட்டுப் போச்சு, நீ மட்டும் சட்டம் பேசுறியா?" என்றார். கம்மல் அடகுக்குப் போனது. ரேஷன் அரிசியும் ரசமுமாக ஓடின வாரங்கள். என்னிடம் வந்து அழுதார். "தப்புப் பண்ணிட்டனா புஷ்பம்?" "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

நானும் கையெழுத்துப் போடவில்லை; ஆனால் நாங்கள் இருவர் மட்டும் இல்லை. எங்களைப் பார்த்து இன்னும் இருபது பெண்கள் பேனாவைத் தொடவில்லை. சங்கம் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறைக்கு இழுத்தது. பேச்சு இழுபட்டது, தேதி தள்ளிப்போனது, கடைசியில் நிர்வாகம் இறங்கியது. ஆட்குறைப்பு என்று எழுதித் தந்தார்கள். இழப்பீடு வந்தது. ஒரு மாதம் பொறுத்து விண்ணப்பித்த பின் உதவித்தொகையும் வந்தது, நாங்கள் மதிப்பிட்டதற்கு வெகு அருகில்!

கம்மலை மீட்டுக்கொண்டு வந்த நாளில் இன்பராஜ், "நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும் என்கிறார் மேகலா.

முன்பே கையெழுத்துப் போட்டவர்களை நான் பழிக்க வரவில்லை. பசி அவர்களை அவசரப்படுத்தியது. பழி பசியின் மீது, அந்தப் பசியைப் பயன்படுத்தியவர்கள் மீது!

பின்னாலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், காண்ட்ராக்ட் ஆளுக்கு உண்டா என்று. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா அண்ணா? பிடித்தால் தாராளமாகக் கேளுங்கள். அந்த அக்கா, தொண்ணூறு நாள்தானா என்கிறார். ஆமாம் அக்கா, வாழ்நாளில் ஒரு முறைதான். இரண்டாண்டு வேலையும் போதிய நாள் பிடித்தமும் இருக்க வேண்டும். விதிகள் மாறும், கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். கூட்டிக் கணக்கிட்டு நம்பிக் கடன் வாங்காதீர்கள், குறைத்தே கணக்கிடுங்கள்.

இது பிச்சையா? இல்லை! இது சலுகையா? இல்லை! மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்த நம் காசு! ஊசி குத்திய விரலின் காசு! தோல் தூசி நிறைந்த நுரையீரலின் காசு! நமக்குரியது எவ்வளவு என்று நமக்கே தெரியாவிட்டால், தருகிறவன் தந்ததே அளவாகிவிடும்! நாளை அந்த அறையில் நாற்காலி போடுவார்கள், உட்காருங்கள். டீ தருவார்கள், குடியுங்கள். பேனா தருவார்கள். அப்போது மட்டும், "கணக்குப் போட்டுட்டு வர்றோம் சார்" என்று எழுந்து வாருங்கள். ஒருவராக வராதீர்கள், வரிசையே எழுந்து வாருங்கள்!

தலைவி அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கும் புரிகிறது. ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தை மறந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பேசச் சொல்லித் தன் கதையைத் தந்த மேகலாவுக்கும், காது கொடுத்த அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.