ஆறு அவங்களுது

கல்யாண உரிமம் வாங்க வருகிற ஜோடிகளில் முக்கால்வாசிப் பேர் பேனா கொண்டுவருவதில்லை. அதனால் என் மேஜையில் எப்போதும் இரண்டு பேனா கிடக்கும். ஒரே பேனாவைக் கைமாற்றும்போதே முதல் சண்டை தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு உரிமம், நிலப்பத்திரம், பிறப்பு, இறப்பு, நடுவே கல்யாணம், டவுன் கிளார்க் வேலை அவ்வளவுதான். வெர்மான்ட்டில் எங்கள் ஊர் அளவு ஊருக்கு இதற்கெல்லாம் ஒரே ஆள் போதும். அந்த ஆள் வினிஃப்ரெட் ஸ்டாடர்ட் ஆகிய நான்.

தலைநகரிலிருந்து விசாரணைக்கென்று, பனி உருகும் இந்தச் சேற்றுக் காலத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். காபி ஆறுவதற்குள் குடியுங்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ராய்ஸ் தர்பரின் கல்யாணம் செல்லாது என்று எனக்கு எப்போது தெரியும் என்பதுதானே உங்கள் கேள்வி. அது நடப்பதற்கு முன்பே தெரியும்.

ராய்ஸ் பால்பண்ணைக்காரன். என் வயதுதான். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. எனக்கும் லைமன் என்பவனுக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கான உரிமத்தை நானே எழுதினேன். சாட்சிக்கு ராய்ஸ்தான் வருவதாக இருந்தது. லைமன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவனும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. உரிமத்துக்குக் கெடு உண்டு, அது முடிந்து காலாவதியானது. எங்கள் இருவரையும் ராய்ஸையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

பிறகு ஒரு மார்ச் மாதத்தில் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே உட்கார்ந்து, அவித்த பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, ரோட்டுக்கு எவ்வளவு, பாலத்துக்கு எவ்வளவு என்று கை தூக்கி முடிவு செய்யும் நாள். கிளார்க் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்ற பேச்சு வந்தது. ராய்ஸ் எழுந்தான்.

"இவ ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எழுதுறா. தனக்கும் ஒண்ணு எழுதிக்கிட்டா, தெரியுமா? சாட்சிக்கு நான்தான் கோட்டெல்லாம் தச்சு வச்சிருந்தேன். அது என் பண்ணப் பாலு மாதிரி, தேதி தாண்டிப் புளிச்சுப்போச்சு. புளிச்ச பாலுக்கு யாருய்யா வெலய ஏத்துவாங்க?"

மண்டபம் சிரித்தது. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்பதால் என் நாற்காலி முன்னால் சபையைப் பார்த்தபடி இருந்தது. ஒவ்வொரு முகமாக நான் பார்த்தேன். வாயில் பீன்ஸை வைத்துக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. என் வகுப்புத் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதன்பின் என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'புளிச்ச பால்' என்று பெயர். மளிகைக் கடையில் நான் பால் வாங்கினால் குழந்தைகள்கூட ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளும்.

கோபமா என்று கேட்டால், ஆமாம். அது ஆறவேயில்லை.

ராய்ஸின் முதல் மனைவி இறந்து, மகன் மெரில் வளர்ந்து தனியே போன பிறகு, ராய்ஸ் டெல்ஃபினைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான். அவள் கியூபெக்கிலிருந்து சீஸ் ஆலைக்கு வேலைக்கு வந்தவள். பேசும்போது தலையைச் சாய்த்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு. கல்யாணம் எங்கே என்று வழக்கம்போல் கேட்டேன்.

"ஆத்துலங்க, படகு மேல," என்றாள் டெல்ஃபின். "சின்ன வயசுலேருந்து ஆசை. கரையில நின்னு எல்லாரும் பாக்கலாம்."

"நல்லா இருக்கும்," என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் இல்லை.

வெர்மான்ட்டில் எழுதிய உரிமம் வெர்மான்ட்டுக்குள் நடக்கும் கல்யாணத்துக்குத்தான். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஓடுகிற ஆறு வெர்மான்ட் இல்லை. எங்கள் கரையில் புல் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தோடு எங்கள் எல்லை முடிகிறது. அதற்கப்பால் தண்ணீர் முழுக்கப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர். இது பரம ரகசியமில்லை. பாலத்தின் செலவு பற்றிப் பேச்சு வந்தால் "ஆறு அவங்களுது, வெள்ளம் மட்டும் நம்மளுது" என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அதிகம் சொன்னவன் ராய்ஸ். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு, சொல்கிறவன் காதிலேயே விழுவதில்லை.

கல்யாணத்தன்று நான் ஆப்பிளை மாவுக்குள் வைத்து 'பை' சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணம் செய்துவைக்கும் ஊர் நீதிபதி ஆர்ரினுக்குக் காது மந்தம், ஆப்பிள் மது என்றால் உயிர். அவரையும் ஏற்றிக்கொண்டு, பூச்சுற்றிய தட்டைப் படகு கரையை விட்டு நகர்ந்தது. நான் புல்லில் நின்று கையசைத்தேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கல்யாணம் நடந்த இடம் என்று எங்கள் ஊர்ப் பெயரை எழுதி ஆர்ரின் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வாங்கிப் பதிவு செய்தேன்.

அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. விடியுமுன் எழுந்து மாடு கறந்தது டெல்ஃபின். சரிந்துகிடந்த கொட்டகையைத் தன் சம்பாத்தியத்தில் எடுத்துக் கட்டியதும் அவள்தான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எனக்கு இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்று கொண்டுவந்து தருவாள். ருசியாக இருக்கும், மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்.

ராய்ஸுக்குப் புற்று வந்தது. வக்கீலுக்குக் காசு கொடுப்பதைவிட ஆற்றில் போடலாம் என்கிற ரகம் அவன், உயில் எழுதவில்லை. ஒருநாள் டெல்ஃபின் வந்து என் மேஜைமுன் நின்றாள். தலை சாயவில்லை, களைத்திருந்தாள்.

"வின்னி, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்ட வுட்டு என்னைய யாரும் போகச் சொல்ல முடியாதுல்ல? எங்க கல்யாணப் பதிவெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நீங்க எப்படிப் பண்ணீங்களோ அப்படியே இருக்கு," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அன்று ராய்ஸுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. புதிதாய் ஓர் உரிமம் எழுதிக்கொண்டு போய், படுக்கையருகே ஆர்ரினை நிறுத்தியிருந்தால் காபி குடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், அதை நான் யோசித்தேன்.

மறுநாள் ராய்ஸைப் பார்க்கப் போனேன். அவன் காதோடு காதாகச் சொல்லிவிட வேண்டும், உன் கல்யாணமும் புளித்துத்தான் போயிற்று என்று. அவன் டெல்ஃபினின் கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப அவள் சம்மதிக்கவில்லை. அன்றிரவே போய்விட்டான், ஒன்றும் தெரியாமல், மனைவி மடியில், சந்தோஷமாக. இத்தனை வருஷக் காத்திருப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும் போலிருந்தது.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். நான் டெல்ஃபின் வீட்டுக்குப் போகவில்லை, மெரில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் கெட்டவன் இல்லை, சோம்பேறி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, படகு தண்ணீரில்தானே இருந்தது என்று கேட்டேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெரில் கோர்ட்டுக்குப் போனான். கல்யாணம் செல்லாது என்று சொல்ல அங்கிருந்த நீதிபதிக்கு அவ்வளவு நேரம்கூடப் பிடிக்கவில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். நான் பொறுத்தேன், பூமி மெரிலுக்குப் போனது. இலையுதிர் காலத்துக்குள் மாடுகளை விற்றுவிட்டான்.

டெல்ஃபின் ஊரை விட்டுப் போகுமுன் இங்கே வந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, மண்டபத்துச் சிரிப்பு உட்பட. சத்தம் போடவில்லை.

"அவரு பேசுனது தப்புதான்," என்றாள். "ஆனா நான் அன்னிக்கு அந்த ஹால்ல இல்லையே, வின்னி. இந்த ஊரு பேருகூட எனக்குத் தெரியாதே."

அது உண்மைதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

இந்த ஒன்று மட்டும்தானா என்று கேட்டீர்கள். ராய்ஸின் கல்யாணத்தைப் பார்த்தபின் படகுக் கல்யாணம் இங்கே ஒரு மோஸ்தராகிவிட்டது. பிள்ளைகள் வந்து எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று என்னிடமே யோசனை கேட்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பேன். அன்று மண்டபத்தில் சிரிக்காத வீடு என்றால், கரையில் மேப்பிள் நிழல் நன்றாயிருக்கும் என்பேன். மற்றவர்களுக்கு ஆறு. அவர்களெல்லாம் இப்போது வீடு கட்டி, பிள்ளை பெற்று, நிம்மதியாக இருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டுக்கு ஒரு சாவு விழுந்தால்தானே தெரியவரும்.

பெயர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாருங்கள், சம்பந்தமில்லாத ஒருவரைக்கூட நான் தொட்டதில்லை.