அத்தை சொல்லாத பேரு

ஆமா தங்கச்சி, துளிர்தான். வெறும் துளிர். பின்னாடி செல்வி, தேவி ஒண்ணும் கெடையாது. எந்தம்பி மக பேரு. இன்னைக்குத்தான் கந்தர்வக்கோட்டையில வச்சாங்க, அங்கருந்துதான் வாரேன். ஒம் புள்ளைக்கு இன்னும் வைக்கலையா? பஸ்ஸு ஏறுனதுலருந்து செல்லுல தேடிக்கிட்டே வர்றியே, சாரல்ங்கிற, முகில்ங்கிற. இப்ப எல்லாப் பேரும் மழையும் எலையுமாத்தான் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு வச்சாங்க பாரு, பிரகதாம்பாள்னு. டீச்சர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பெல்லடிச்சுரும்.

அர்த்தமா? கஜா புயல் அடிச்சுச்சுல்ல, எங்க முந்திரித் தோப்பு அப்புடியே படுத்துருச்சு. அம்புட்டும் போச்சுன்னு வெட்டி வெறகாக்குனோம். மறுமழைக்கு அடிக்கட்டையில விட்டுச்சு பாரு துளிரு, செவசெவன்னு, பொறந்த புள்ள காது கணக்கா. அதப் பாத்து எடுத்த பேரு. யாரு எடுத்தான்னு கேக்குறியா? நாந்தான்.

எங்க பக்கம் அத்தைதான் காதுல மூணு தரம் பேரச் சொல்லணும். கூடப்பொறந்த அத்தை நான் ஒருத்திதான். கொலுசு, வளையலு, தொட்டில் கட்டப் பச்சச் சேலை, எல்லாம் எடுத்துக்கிட்டு மொத பஸ்ஸுலயே போயிட்டேன். போனா, எந்தம்பி பொண்டாட்டி தேவிப்ரியா அவ ஆத்தாகிட்ட குசுகுசுங்கிறா. அந்தம்மா வந்து, வெயில்ல வந்துருக்கீங்க, அங்கிட்டு ஒக்காந்து காபி குடிங்கங்குது. எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா? நான் டம்ளரக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன், எஞ் சித்தப்பா மகளக் கூப்பிட்டுப் பேரச் சொல்லச் சொல்றாங்க. எந்தம்பி அரவிந்த்குமார் எம் பக்கம் திரும்பவே இல்ல. எலை போடுற எடத்துல போயி நின்னுக்கிட்டான்.

சாப்பாடா? கை நனைக்கல. பத்திக்கிட்டு வருது தங்கச்சி. பேரு மட்டும் ராசியாம், அதச் சொல்ற வாயி ராசியில்லையாம். இது எந்த ஊரு நாயம்? ஒம் புள்ளைக்கு அத்தை இருக்கால்ல, அவ எப்புடி இருந்தாலும் அவளையே சொல்லச் சொல்லு.

இல்ல, எனக்குப் புள்ள இல்ல. இருந்துச்சு. பொம்பளப் புள்ள. பொறந்த அன்னைக்கே போயிருச்சு. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல எந்திரிக்க மாட்டாமக் கெடக்கேன். தம்பிதான் துண்டுல சுத்தி வாங்கிட்டுப் போயித் தோப்புல பொதச்சான். மண்ணத் தள்ளுறதுக்கு முந்தி அவ காதுல பேரச் சொல்லிருடான்னு சொல்லிவிட்டேன். மூணு தரம் சொல்லிட்டேன்க்கான்னு வந்து, கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு அழுதான்.

இன்னைக்குக் காலையில வரைக்கும் அவனத் தவிர வேற யாருக்குமே தெரியாது, அந்தப் பேரு.

கொஞ்சம் கால நகட்டு தங்கச்சி. இலுப்பூரு வந்துருச்சு, நான் எறங்கணும்.