யாரையும் நம்பத் தேவையில்லை

மேற்குத் தாம்பரத்தில், ரூபாய்க்குப் பதிலாகப் பிட்காயினும் வாங்கிக்கொள்ளும் ஒரு செல்போன் கடை. என் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் காட்டாங்குளத்தூர் மாணவர் ஒருவர், ஹெட்செட்டின் விலையைப் பிட்காயினில் அனுப்பிவிட்டு, கடைக்கார பாயிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இதுல யாரும் யாரையும் நம்பவே தேவையில்ல பாய். அதான் இதோட அழகே."

"சரி தம்பி. ஆனா பணம் வந்ததா எனக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகலையே?"

"லைன்ல நிக்குது, வந்துரும். எனக்கு டிரெய்னுக்கு நேரமாச்சு. என்னை நம்ப மாட்டீங்களா?"

"நம்பத் தேவையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? உக்காருங்க, டீ சொல்றேன்."

மாணவர் உட்காரவில்லை. கழுத்திலிருந்த காலேஜ் ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை வெச்சுக்குங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

பாய் கார்டிலிருந்த போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்தார்.

"இது உடனே கன்ஃபர்ம் ஆயிருச்சு. கிளம்புங்க."