ஜக்கெற் அளவு

– குளிக்கிற அறையின்ர நிலமும் சூடாத்தான் இருக்குமாம், பெரியண்ணை. வெறுங்காலோட நடக்கலாமாம்.

– அதுக்கேன் கப்பலில போகவேணும்? மத்தியானத்தில இந்த முத்தத்துச் சீமெந்தில நடந்து பார். கால் வெந்துபோம்.

– பகிடியை விட்டிட்டு இஞ்ச படத்தைப் பாருங்கோவன். இதுதான் எங்கட அறை. கட்டிலில படுத்தபடி கண்ணாடியால பனிமலை பாக்கலாம். மணி அடிச்சா ஒரு ஆள் வந்து என்ன வேணுமெண்டு கேப்பான்.

– மணி அடிச்சா நான் எழும்பிக் கோயிலுக்கெல்லோ வெளிக்கிட்டிடுவன்.

– பெரியண்ணை!

– சரி, சரி. ஊர்காத்துறையில இருந்து வடதுருவத்துக்குப் போற முதல் கடல்காரன் அமலதாஸ் எண்டு பேப்பரில போடுவாங்கள். அங்க என்ன மீன் படும்?

– நீங்கள் மீன் பிடிக்க வரேல்லை. ஒஸ்லோவுக்கு வந்து என்ர வீட்டில ரெண்டு கிழமை நிக்கிறியள். பிறகு பிளேனில இன்னும் மேல போய்க் கப்பல் ஏறுறம். ஆடி மாசம். அந்த நேரம் அங்க இருட்டவே இருட்டாது.

– இருட்டாதோ? அப்ப சனம் எப்பிடி நித்திரை கொள்ளுறது?

– இருட்டில்லாத இடமாத்தான் தேடித் தேடிப் பிடிச்சனான். கரையில இறங்கி நடக்கவும் விடுவினம். வெள்ளைக் கரடி வருமெண்டு துவக்கோட ரெண்டு பேர் முன்னால போவினம்.

– துவக்கோட போறவைக்குப் பின்னால நான் நடக்கிறேல்லை, றொஷானி. அந்த நடையெல்லாம் இஞ்சயே நடந்து முடிச்சாச்சு.

– இது கரடிக்கு அண்ணை.

– ஆமிக்காரங்களும் எங்களுக்கு, உங்கட பாதுகாப்புக்கெண்டுதான் சொன்னவங்கள்.

– சத்தியமா உங்களோட கதைக்க ஏலாது. இண்டைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்கிடையில இந்தப் போமை அனுப்பவேணும். பேர், பாஸ்போட் நம்பர் எல்லாம் போட்டிட்டன். ஒரு இடம்தான் மிச்சம். ஜக்கெற் அளவு. கப்பலில ஏறேக்க குளிருக்குப் போட ஆளுக்கொரு ஜக்கெற் குடுப்பினம். நல்ல சிவப்பு. பிறகு அது எங்களுக்கே.

– எனக்கு ஜக்கெற் வேண்டாம்.

– அது போடாம வெளியில விடமாட்டினம்.

– அப்ப நான் அந்தச் சூட்டு நிலத்தில இருக்கிறன். நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு.

– உங்கட மனிசி, றஞ்சனி மச்சாள் சொன்னவா. மார்கழி வாடையிலயும் வெறும் மேலோடதானாம் கடலுக்குப் போறியள். சேட்டுத் தந்துவிட்டா வள்ளத்துக்க சுருட்டி வச்சிட்டு அப்பிடியே திருப்பிக் கொண்டாறியளாம். இருபத்தைஞ்சு வரியமா இதுதானாம். ஏன் அண்ணை?

– உன்ர மச்சாளுக்கு வேற கதை இல்லை. கடல்காரனுக்கு என்ன குளிர்? சின்னனில குளிர்ந்ததுதான். ஐயா தான் போத்திருக்கிற சாக்கைக் கழட்டி எனக்குப் போட்டுவிடுவார். தம்பி கிறிஸ்ரி தொழிலுக்கு வரத் தொடங்கின பிறகு நான் அதை அவனுக்குப் போட்டுவிடுவன்.

– எனக்கு இதொண்டும் தெரியாது.

– உனக்கெப்பிடித் தெரியும்? பொம்பிளைப் பிள்ளையை ஆர் வள்ளத்தில ஏத்தினது?

– சின்னண்ணையின்ர பேரை நீங்களாச் சொல்லிப்போட்டியள். நல்லதாப் போச்சு. அவருக்காகத்தான் அண்ணை இந்தப் பயணம்.

– விசர்க்கதை கதையாத. அவன் செத்து இருபத்தைஞ்சு வரியம். சேமக்காலையில ஐயான்ர கல்லில அவன்ர பேரும் வெட்டிக் கிடக்கு. ஆத்துமாக்கள் திருநாளுக்கு வரியாவரியம் நான் மெழுகுதிரி கொளுத்துறனான்.

– பேர் மட்டும்தானே அண்ணை கிடக்கு. ஆள் இல்லையே.

– காய்ச்சல் வந்து அந்நிய நாட்டு ஆஸ்பத்திரியில செத்தவனை நான் எப்பிடிக் கொண்டாறது? நீதானே காயிதம் எழுதினனீ, அங்கயே அடக்கம் செய்தாச்செண்டு.

– ஓம், எழுதினனான். பொய் எழுதினனான்.

– என்ன சொன்னனீ?

– அவர் ஆஸ்பத்திரியைக் கண்ணாலயும் காணேல்லை. களவா எல்லை கடக்க நடந்த பனிக்காட்டில, ஒரு மரத்தடியில. நான் விட்டிட்டு வந்தனான்.

– றொஷானி.

– என்னைச் சொல்ல விடுங்கோ. பிறகு ஏலாமப் போயிடும். அவற்ற ஜக்கெற் என்னட்டை இருக்கு. ஒஸ்லோவில என்ர அலுமாரியில தொங்குது. வீடு மாறேக்க மாறேக்க அதைத்தான் முதல்ல எடுக்கிறனான். அதைக் கொண்டுபோய் அவர் கிடக்கிற இடத்தில வைக்கலாமெண்டு பாத்தன், அந்த எல்லையில இப்ப சண்டை. ஆரும் போகேலாது. அதே மாதிரிப் பனியிலயெண்டாலும் வைக்கலாமெண்டுதான் இந்தக் கப்பல். அங்க ஒரு குண்டூசியும் விட்டிட்டு வரக்கூடாதெண்டு போட்டிருக்கு. நான் விட்டிட்டுத்தான் வருவன்.

– இதுக்கு ஏன் பட்டுமெத்தையும் வேலைக்காரனும்?

– களவாப் போன எங்களை ஆடுமாடு மாதிரி லொறிக்க அடைச்சுக் கொண்டுபோனவங்கள், அண்ணை. இந்தமுறை அவர் பேர் சொல்லி முன்வாசலால ஏறட்டும் எண்டு நினைச்சனான். மூண்டு பேர் படுக்கிற அறை எடுத்திருக்கிறன். உங்களுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு, அவற்ற ஜக்கெற்றுக்கு ஒண்டு.

– அவன்ர ஜக்கெற் உன்னட்டை எப்பிடி வந்தது?

– அவர் தந்தது.

– எப்பிடித் தந்தவன்?

– எல்லை கடக்க முதல் ஒரு பழைய பண்ணையில ஐஞ்சு நாள் எங்களை ஒளிச்சு வச்சிருந்தவங்கள். அங்கதான் அவருக்குக் காய்ச்சல் தொடங்கினது. ஏஜென்சிக்காரன் எனக்குத் தந்த ஜக்கெற் மெல்லிசு, உள்ளுக்கப் பஞ்சே இல்லை. நடக்கத் தொடங்கி ரெண்டு மணித்தியாலத்தில எனக்குக் கை விரல் இருக்கிறதே தெரியேல்லை. அப்ப சின்னண்ணை கிட்ட வந்து தன்ரயைக் கழட்டினார். எனக்கு வேர்க்குது, நீ போடு எண்டார்.

– வேர்க்குது எண்டு சொன்னவனோ?

– ஓம். நான் சந்தோசப்பட்டனான், அண்ணை! அம்மா என்ன சொல்லுவா? வேர்த்தாக் காய்ச்சல் விட்டிட்டுதெண்டுதானே சொல்லுவா. அவருக்குச் சுகம் வந்திட்டுது எண்டு நினைச்சு வாங்கிப் போட்டனான். தொட்டும் பாக்கேல்லை. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினா ஆள் மரத்தோட சாஞ்சு இருக்கிறார். நில்லாத, பின்னால வாறவங்கள் தூக்கிக்கொண்டு வருவாங்கள் எண்டு ஏஜென்சிக்காரன் கையைப் பிடிச்சு இழுத்தான். பின்னால ஒருத்தரும் வரேல்லை.

– அம்மா தாயே.

– பிறகு நான் நோர்வேயில தாதி வேலைக்குப் படிச்சனான் எல்லே. வகுப்பில ஒருநாள் சொல்லித் தந்தவை. குளிரில சாகப்போற ஆளுக்கு மூளை கலங்கி மேல் எரியிற மாதிரி இருக்குமாம், உடுப்பைக் கழட்டி எறிவினமாம். நான் எழும்பி வெளியில போயிட்டன். அவர் செத்துக்கொண்டு நிக்கிறார், நான் அவற்ற மேலில இருந்து ஜக்கெற்றை உருவிப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறன். அண்டையில இருந்து எனக்கு நித்திரையில வேர்த்தா அவர் கட்டில் காலடியில நிக்கிற மாதிரிக் கிடக்கும். நான்தான் அண்ணை அவரைக் கொண்டனான்.

– அழாத. அழாத பிள்ளை. ஒண்டு கேக்கிறன், யோசிச்சுச் சொல்லு. அதைச் சொல்லேக்க அவன் சிரிச்சவனோ?

– ஓம். சிரிச்சவர். ஏன்?

– ஐயாவும் சிரிப்பார்.

– ஐயாவோ? எப்ப?

– சாக்கைக் கழட்டித் தரேக்க. பல்லுக் கிடுகிடெண்டு அடிக்கும், மேலில மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நிக்கும், வாய் சொல்லுறது இதுதான். எனக்கு வேர்க்குது, நீ போடு. சும்மா தந்தாச் சின்னவன் வாங்கமாட்டான் எண்டு வள்ளத்தில மூத்தவன் அப்பிடித்தான் சொல்லுறது. நானும் கிறிஸ்ரிக்கு அப்பிடித்தான் சொன்னனான். அவன் என்னை நம்பிக் கன நாள் போத்திக்கொண்டிருந்தவன். பிறகுதான் பொய்யெண்டு கண்டுபிடிச்சவன்.

– அப்ப சின்னண்ணைக்கு மூளை கலங்கேல்லையோ? தெரிஞ்சுகொண்டோ கழட்டினவர்?

– உன்ர போமைப் பிறகு பாப்பம். அந்தப் பேனையைக் கீழ வை.

– சொல்லுங்கோ அண்ணை. அவர் என்ன நினைச்சவர் எண்டு உங்களுக்கெப்பிடித் தெரியும்?

– நீங்கள் எல்லை கடக்க முதல்நாள், நான் உங்கட செய்தி வருமெண்டு பாத்துக்கொண்டு கொழும்பில லொட்ஜில நிண்டனான். அவன் ஏஜென்சிக்காரன்ர போனில கோல் எடுத்தவன். தங்கச்சியின்ர ஜக்கெற் சரியில்லை அண்ணை, நான் என்ரயைக் குடுத்தா அவள் வாங்கமாட்டாள், என்ன செய்ய எண்டு கேட்டவன்.

– தனக்குக் காய்ச்சலெண்டு சொன்னவரோ?

– சொன்னவன். சொன்ன பிறகும், ஐயா சொல்லுறதைச் சொல்லிக் குடடா எண்டு நான்தான் சொன்னனான்.