ஆட்சேபணை இல்லை

— அதான் சொல்றேன் அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. கீழே, கோடு போட்டிருக்கற இடத்துல.

— இருங்க சார். லிஃப்ட் வேற வேலை செய்யல, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. மூச்சு வாங்குது. கோச்சுக்கே இப்படி வாங்கினா டீம் எப்படி ஓடும்? முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல என் கால் இருக்கு.

— ஐயோ, பாக்கல. சாரி அக்கா.

— பரவாயில்ல. பாக்காம வந்து இடிக்கறவங்க எனக்குப் பழகிடுச்சு.

— உங்களை வந்து பாக்கணும்னு நாலு மாசமா நினைச்சுட்டே இருக்கேன். நேரமே அமையல.

— அதனால என்ன. நான் எங்கயும் ஓடிப் போயிடல பாருங்க. ஓடவும் முடியாது. சனிக்கிழமை ஃபைனல் மேட்சாமே?

— உங்களுக்கு யாரு சொன்னா?

— நீங்க கொண்டு வந்த பழக்கூடைதான். 'இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற எங்கள் மகளிர் ஹாக்கி அணிக்கு வாழ்த்துகள்'னு ரிப்பன்ல எழுதியிருக்கே.

— அது... கடைக்காரன் மாத்திக் கட்டிட்டான் போல.

— இருபத்திரண்டு வருஷமா உங்க காலேஜ் லைப்ரரியில புத்தகம் அடுக்கறவ சார் நான். லேபிளைப் படிக்காம எதையும் கையில வாங்க மாட்டேன். இப்படி வைங்க. ஆப்பிள் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு குறையுது.

— பொண்ணுங்க எடுத்திருப்பாங்க.

— சாப்பிடட்டும், விளையாடற புள்ளைங்க. சரி, அந்தத் தாளைக் குடுங்க. கண்ணாடி எங்க... ஆங். 'கீழே கையொப்பமிடும் நான், மேற்படி விபத்தில் எனக்கு ஏற்பட்ட சிறு காயத்தை...' சிறு காயமா?

— அது சும்மா வழக்கமாப் போடற வார்த்தை அக்கா.

— முட்டிக்குக் கீழே ஒரு கம்பி, ஒன்பது ஸ்க்ரூ. எக்ஸ்ரே எடுத்தவரே 'இரும்புக்கடை மாதிரி இருக்கும்மா'ன்னு சொன்னாரு. இதுக்குச் சிறு காயம்னு போட்டா பெரிய காயத்துக்கு என்ன போடுவீங்க? இரங்கல் செய்தியா?

— வெறும் 'காயம்'னு மாத்திடறேன். மேல படிங்க.

— 'அவனுடைய எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு...' அவனுடையவா? என்னை இடிச்சது உங்க கோல்கீப்பர் பொண்ணுதானே?

— டைப்பிங் மிஸ்டேக்.

— 'கேன்டீன் ஊழியராகிய நான்'னு வேற இருக்கு. என்னை எப்ப சார் கேன்டீனுக்கு மாத்தினாங்க?

— அது வந்து... போன வருஷம் ஃபுட்பால் டீம் கேப்டனுக்கு இதே மாதிரி ஒண்ணு தேவைப்பட்டுது. சின்னத் தகராறு. சாப்பாட்டுத் தட்டை எறிஞ்சதுல பரிமாறறவர் மூக்கு உடைஞ்சு போலீஸ் வரைக்கும் போயிடுச்சு. அந்த ஃபைலையே எடுத்து...

— பேரை மட்டும் மாத்திட்டீங்க. நல்ல வேலை சார். மன்னிப்புன்னா இப்படித்தான் கம்ப்யூட்டர்ல தயாரா இருக்கணும். அவசரத்துக்கு மனசுல போய்த் தேடிட்டு இருக்க முடியுமா?

— நீங்க கோவமா பேசறீங்க. உங்க இடத்துல நானா இருந்தாலும் கோவப்படுவேன். ஆனா மனசைத் தொட்டுச் சொல்றேன் அக்கா, மனுஷங்கன்னா தப்பு பண்ணுவாங்க. அதுவும் இருபது வயசுப் பொண்ணு. ஜட்ஜே என்ன சொன்னாரு? முதல் தப்பு, தானா ஒத்துக்கிட்டா, ஒரு வருஷம் நன்னடத்தையா இருந்தா போதும்னு விட்டுட்டாரு. காலேஜும் வகுப்புக்கு வர விட்டுடுச்சு. விளையாட மட்டும்தான் கமிட்டி தடை போட்டிருக்கு. அடிபட்டவங்களே ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா அதையும் நாளைக்கே எடுத்துடுவாங்க. ரெண்டாவது வாய்ப்பு குடுக்கறது நம்ம காலேஜோட கொள்கை. அதுதான் ஸ்பிரிட்டு.

— எப்பலேர்ந்து?

— எப்பவுமே.

— அப்போ அந்தக் குண்டு எறியற பையன்? ஹாஸ்டல்ல யாரோட போனையோ எடுத்துட்டான்னு போலீஸ் கூட்டிட்டுப் போனாங்களே. லைப்ரரி கார்டைத் திருப்பிக் குடுக்க என்கிட்டதான் வந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதான். நாலு புத்தகத்தையும் கெடு தேதிக்கு முன்னாடியே கொண்டு வந்து வெச்சான் சார். அவனுக்கு ஏன் இந்த ஸ்பிரிட்டு கிடைக்கல?

— அது வேற விஷயம். அவனுக்குத் தோள்பட்டை போயிடுச்சு அக்கா.

— போன் எடுத்ததுக்கும் தோள்பட்டைக்கும் என்ன சார் சம்பந்தம்?

— இனிமே பழையபடி எறிய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கமிட்டிக்கும் ஒரு அளவு இருக்கில்ல.

— புரியுது, புரியுது. எத்தனை மீட்டர் எறியறானோ அத்தனை மீட்டருக்கு மன்னிப்பு.

— நீங்க கிண்டல் பண்ணாம இந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க. அவ நிலைமையைப் பாத்தா உங்களுக்கே அழுகை வந்துடும். நாலு மாசமா ரூமை விட்டு வெளிய வரல. ஒரு வாய் சாப்பிடல.

— ஐயையோ, நாலு மாசமா ஒரு வாய் கூடவா?

— கிட்டத்தட்ட. சாயங்காலம் ஆச்சுன்னா ஒரே அழுகை. நான்தான் தினமும் போய் ஆறுதல் சொல்லிட்டு வர்றேன்.

— தினமுமா? நேத்துகூட?

— நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குக்கூட.

— அடடா. என்னைப் பாக்க நேரம் அமையாதது இதனாலதான் போல.

— இந்தாங்க, உங்களுக்குன்னு அவளே எழுதின மன்னிப்புக் கடிதம். சொந்தக் கையால எழுதினது. எழுதும்போது கண்ணீர் விழுந்து மை கலைஞ்சிருக்கு பாருங்க.

— இது டீக்கறை சார்.

— டீயா? இருக்காதே அக்கா.

— மோந்து பாக்கறீங்களா? சரி விடுங்க. ஒண்ணு கேக்கறேன். அவ இல்லாமலே ஃபைனல் வரைக்கும் வந்துட்டீங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?

— வந்தோமா? உருண்டு வந்தோம். அவளுக்கு மாத்தா ஒருத்தி கோல்ல நிக்கறா. செமிஃபைனல்ல அஞ்சு கோல் விட்டா. மத்த பொண்ணுங்க உயிரைக் குடுத்து ஆறு போட்டதால தப்பிச்சோம். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கறா அக்கா! முன்னெல்லாம் சுமாராவாவது இருந்தா. இந்த விபத்துக்கு அப்புறம் சுத்தமா ஒண்ணுத்துக்கும் ஆகல.

— அவளும் அன்னிக்கு ஸ்கூட்டர்ல இருந்தவதானே? பின்னாடி?

— ஆமா, பின்னாடி உக்காந்திருந்தா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— எங்க? காலேஜ் பின்கேட்டு, மழை, என் குடை, வண்டி லைட்டு, ரெண்டு ஹெல்மெட். அவ்வளவுதான். கண்ணு முழிச்சப்போ ஆஸ்பத்திரி. பாவம், அந்தப் பொண்ணும் பயந்து போயிருக்கும்.

— பாவமாவது. அவளுக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாமே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல. இந்த மேட்ச் முடியட்டும், பேரை அடிச்சிடப் போறேன். வீட்டுக்குப் போய் நிம்மதியா கண்ணை மூடிக்கட்டும்.

— அவ என்ன சார் தப்பு பண்ணினா?

— அஞ்சு கோல் அக்கா!

— அதுக்கு எந்தக் கோர்ட்டு?

— உங்களுக்கு ஆட்டம் தெரியாது. சரி, ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். சனிக்கிழமை ஜெயிச்சா என் வேலை நிரந்தரமாகும். ஒன்பது வருஷமா ஒப்பந்தத்துல இருக்கேன். வருஷா வருஷம் கையைக் கட்டிட்டு நிக்கறேன். எனக்கும் வீட்டுல ரெண்டு பேர் படிக்கறாங்க.

— இப்பதான் சார் முதல் தடவையா மனசைத் தொட்டுச் சொல்லியிருக்கீங்க. இதையே வாசல்லயே சொல்லியிருந்தா அப்பவே பேனா எடுத்திருப்பேனோ என்னவோ. எனக்கும் அதே காலேஜ் ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு, தெரியுமா? இந்த மாசக் கடைசிக்குள்ள வந்து ஏணி ஏறிப் புத்தகம் எடுக்கணுமாம். இல்லைன்னா வேற ஆளாம்.

— அப்படியா? எனக்குத் தெரியாது அக்கா.

— தெரிஞ்சிருக்காது. எனக்குத்தான் மேட்ச் கிடையாதே. சரி, அந்தப் பொண்ணையே கேட்டுடுவோம். ஏய் கீப்பரு! குழாயை மூடிட்டு வா. எல்லாம் கேட்டுட்டுத்தானே இருந்தே?

— யாரைக் கூப்பிடறீங்க?

— நாலு மாசமா சாப்பிடாதவளைத்தான்.

— வணக்கம் சார்.

— நீயா! நீ இங்க என்ன பண்ற?

— பாத்திரம் கழுவிட்டு இருந்தேன் சார்.

— ஏம்மா, நேத்து அஞ்சு மணிக்கு சார் வந்து உனக்கு ஆறுதல் சொன்னாராமே?

— அஞ்சு மணிக்கு நான் உங்க முட்டியை மடக்கி நீட்டிட்டு இருந்தேன் ஆன்ட்டி. நீங்க என்னைத் திட்டிட்டு இருந்தீங்க.

— இது உன் கையெழுத்தா?

— இல்ல. நான் இவ்வளவு அழகா எழுத மாட்டேன்.

— அக்கா, அது ஒரு நல்ல எண்ணத்துலதான்... இவ எத்தனை நாளா இங்க வர்றா?

— நான் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்த மறுநாள்லேர்ந்து. முதல் நாள் கதவைத் திறந்து, நான்தான் இடிச்சேன்னு சொல்லிட்டு நின்னா. பக்கத்துல இருந்த தம்ளரை எடுத்து மூஞ்சியைக் குறிபாத்து வீசினேன். ஒத்தைக் கையால பிடிச்சுட்டா சார். பிடிச்சு, கழுவி, தண்ணி ஊத்திக் குடுத்தா. நல்ல கீப்பர்தான், அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

— பாத்தீங்களா! அதான் நான் சொல்றேன்!

— நீங்க எங்க சொன்னீங்க? நீங்க டீக்கறையைக் காட்டினீங்க. ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்தாங்க, எந்தெந்தப் பயிற்சி, எத்தனை தடவைன்னு. வலியில நான் பத்துன்னா, இவ 'இருபது ஆன்ட்டி'ன்னு நிப்பா. போன வாரம் வாக்கரை விட்டுட்டு ஜன்னல் வரைக்கும் நடந்தேன். மூணு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'எனக்காக எழுதிக் குடுங்க'ன்னு இவ கேட்டதில்ல. கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன். கேக்காததால போடறேன். பேனாவைக் குடுங்க.

— தெய்வமே! இந்தாங்க அக்கா!

— இருங்க, இந்தச் சிறு காயத்தை அடிச்சுடறேன். கேன்டீனையும். அவனையும். ம்... நல்லா விளையாடும்மா. என் காலை இடிச்சதுக்காவது ஒரு கப்பைக் கொண்டு வா.

— வேண்டாம் ஆன்ட்டி.

— என்ன வேண்டாம்? அக்கா, அவ கிடக்கறா, நீங்க போடுங்க!

— நீங்க சும்மா இருங்க சார். ஏம்மா, விளையாட ஆசை இல்லையா உனக்கு?

— இருக்கு. கனவுல எல்லாம் பந்துதான் வருது. ஆனா என் பேருக்கு வேண்டாம். அதையும் அடிச்சுட்டு அவ பேரை எழுதுங்க.

— எவ பேரை?

— இப்ப கோல்ல நிக்கறாளே, அவ பேரை. அன்னிக்கு வண்டி ஓட்டினது அவ ஆன்ட்டி. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். வண்டி என்னுது. நான்தான் அவளுக்குக் கத்துக் குடுத்துட்டு இருந்தேன். திருப்பத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை முறுக்கிட்டா. நீங்க விழுந்ததும் உங்க தலையை மடியில வெச்சுட்டு உக்காந்தது அவதான். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அவதான். போலீஸ் வந்து யாரு ஓட்டினதுன்னு கேட்டாங்க. அவளுக்கு வாயே திறக்கல. நான் முந்திக்கிட்டேன்.

— மூணு மாசமா இதை வெச்சுக்கிட்டா என் முட்டியை மடக்கினே?

— ஆமா ஆன்ட்டி. அவளுக்கு இப்பத் தூக்கமே இல்ல. தினமும் என்கூட உங்க படிக்கட்டு வரைக்கும் வருவா. ஒரு மாடி ஏறுவா, திரும்பி இறங்கிடுவா. உண்மையைச் சொல்லிடறேன்னு நேத்து போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னுட்டா. நான்தான் இழுத்துட்டு வந்தேன். எப்படியும் அவ சொல்லிடுவா. அப்போ அவ கையில உங்க எழுத்து ஒண்ணாவது இருக்கட்டும்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! அப்போ நீ ஓட்டவே இல்ல? பின்னாடிதான் இருந்தியா? அடிப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! உன் மேல தடையே நிக்காதே! அக்கா, கையெழுத்தே தேவையில்ல, பேனாவைக் குடுங்க. கமிட்டிக்கு இப்பவே போன் போடறேன். அந்தப் பொண்ணு பேரை இன்னிக்கே அடிச்சு, ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லி, நேரா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டா, சனிக்கிழமை நீ உள்ள!

— கேட்டீங்களா ஆன்ட்டி? இதுக்குத்தான் ஓட்டினது நான்னு சொன்னேன்.